பாறைக் கீறல்களும் பதிவுக் கடமையும்

(தமிழன்பர் கூட்டத்தில் நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)



தொன்மை என்னும் சொல் தமிழர் மேடைகளில் ஒலிக்காத நாளில்லை. ஆயின், அத்தொன்மைக்குச் சான்றாய் நிற்கும் பாறைகள் மேடையேறிப் பேசுவதில்லை. குன்றின் சரிவில், முட்புதர்களின் நடுவே, வெயிலிலும் மழையிலும் அவை வாய்மூடிக் கிடக்கின்றன. எழுத்தென ஒன்றை மாந்தன் அறியாத காலத்தில் கல்லாற் கல்லைக் கொத்தி வரைந்த உருக்கள் அவற்றின் மேல் உள்ளன. அவ்வுருக்களைக் கண்டவர் சிலர். கண்டதை எழுதி வைத்தவர் அவரினும் சிலர். எழுதி வைத்ததைக் காத்தவர் மிகமிகச் சிலர்.

தொன்மையைப் பேசுதல் எளிது. தொன்மையை அளந்தெழுதுதல் அரிது. பேசுவோர்க்கு மாலையும் கைதட்டலும் உண்டு. அளப்போர்க்கு முள்ளும் வெயிலுமே உண்டு. ஆயினும் பின்வரும் தலைமுறை நம்புவது பேச்சையன்று, அளவையே. ஒரு குன்றின் மேலுள்ள பழங்கீறல்களை உள்ளது உள்ளவாறே பதிந்து வைத்தல்தான் அக்குன்றுக்கு முதற்காவல். அப்பதிவின்றி எழுப்பும் உரிமைக்குரல் எத்துணை உரத்து எழுந்தாலும் நீர்மேல் எழுத்தே. இவ்வுரையின் பொருள் இவ்வளவே. இதற்குச் சான்றாகத் தமிழகத்து எல்லைக்கு அப்பாலுள்ள குன்று ஒன்றின் வரலாற்றை முதலிற் காண்க.

குப்கல் குன்றும் கரும்பாறை வரியும்

கருநாடக மாநிலத்துப் பெல்லாரி நகரை அடுத்துச் சங்கனகல்லு, குப்கல் என்னும் சிற்றூர்கள் உள்ளன. பெல்லாரி 1953 வரை சென்னையாட்சிக்கு உட்பட்டிருந்த மாவட்டம். ஆகவே அவ்வூர்க் குன்றுகளைப் பற்றிய பழைய ஆங்கிலக் குறிப்புகள் சென்னைப் பெயரையும் சுமந்து நிற்கின்றன. அங்குள்ள குன்றுகளுட் பெரியதை மக்கள் 'இரேகுட்ட' என்பர். 'இரே' என்பது கன்னடத்தில் பெரியது எனப் பொருள்படும். பழங்கன்னடத்தில் 'பிரி' என நின்ற அச்சொல் தமிழின் 'பெரு' என்பதற்கு உடன்பிறப்பு. 'கல்லு' என்பதும் அவ்வாறே. அதனை விளக்கவும் வேண்டுமோ?

அக்குன்று வெளிறிய கருங்கற் பாறைகள் உருண்டு குவிந்த குன்று. அதனை ஊடறுத்துக் கரிய பாறைவரி ஒன்று ஓடுகின்றது. நிலத்தின் அடியிலிருந்த தீக்குழம்பு பாறை வெடிப்பினூடே மேலேறி, அங்கேயே இறுகிப்போனது அவ்வரி. நிலவியலார் இவ்வகைக் கல்லைத் 'தோலரைட்டு' என்பர். நுண்மணியும் பெருவலிமையும் உடையது. தட்டினால் கூரிய விளிம்போடு சிதறும். அதன் மேற்புறம் காலப்போக்கிற் கரும்படலம் பூண்டு கிடக்கும்; படலத்தைக் கொத்தி நீக்கினால் உட்புறம் வெளிறித் தோன்றும்.

இக்கல்லின் மூன்று இயல்புகளையும் பழங்குடி மக்கள் அறிந்திருந்தனர். கூராகச் சிதறுவது பற்றி அதனைக் கோடரிக்கு எடுத்தனர். கருமேற்புறத்தில் வெண்கோடு தோன்றுவது பற்றி அதன்மேல் உருக்களைக் கொத்தினர். மூன்றாம் இயல்பே பெருவியப்பு. அக்கரும்பாறைகளுட் சிலவற்றில் வழவழப்பான பள்ளங்கள் தேய்ந்து கிடக்கின்றன; அவற்றைக் கருங்கற் குண்டாற் கொட்டினால் மணி முழங்குவது போன்ற ஓசை எழுகின்றது. கோடரியும் ஓவியமும் ஓசையும் ஒரே பாறைவரியிற் பிறந்தன. பிழைப்பு வேறு, கலை வேறு, விழா வேறு என இற்றை நாளார் பிரித்து வைத்தவற்றை அவர்கள் பிரித்தறியாமல் வாழ்ந்தனர் போலும்.

யார் அவர்கள்? ஏறத்தாழக் கி.மு. 3000 முதல் கி.மு. 1200 வரை தென்னாட்டிற் பரவியிருந்த புதிய கற்காலத்து ஆநிரை மக்கள். சிறுகூலங்களும் கொள்ளும் பாசிப்பயறும் விளைத்தனர்; கல்லை அரைத்து மெருகிட்டுக் கோடரி செய்தனர்; ஆநிரைச் சாணத்தைக் குவித்து எரித்தனர். அவ்வெரிப்பில் எழுந்த சாம்பல்மேடுகள் பெல்லாரி வட்டாரத்திற் பல. பாறைகளில் அவர்கள் பெரிதும் கொத்தியது திமிலும் நீள்கொம்பும் கொண்ட மாடுகளையே. மாந்த உருக்களும் உள: தனித்து நிற்போர், கைகோத்து வரிசையாய் நிற்போர், வில்லேந்தி நிற்போர். சில உருக்கள் எளிதில் ஏறவியலாத பாறைமுகட்டில் உள்ளன. ஆயிரக்கணக்கான இவ்வுருக்கள் அனைத்தும் ஒரே காலத்தன அல்ல. புதிய கற்காலத்தார் தொடங்கியதை இரும்புக் காலத்தாரும் அவர்க்குப் பின் வந்தோரும் தொடர்ந்தனர். அண்மைக் காலத்தார் கொத்தியவையும் அங்குள்ளன.

கண்டதும் இழந்ததும்

இக்குன்றின் சிறப்பை முதலில் உலகிற்கு அறிவித்தவருள் ஒருவர் இராபர்ட்டு புரூசு பூட்டு. 1863-இல் பல்லாவரத்திற் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்துத் தென்னாட்டின் தொன்மைக்குக் கதவு திறந்த நிலவியல் அறிஞர் அவரே. இங்கே கற்கோடரிகள் பெருந்தொகையாகச் செய்யப்பட்டமையை அவர் அறிந்தெழுதினார். பாறை உருக்களைப் பற்றிய செய்தி 1892-இல் அச்சேறியது. எழுதியவர் சென்னையாட்சியிற் காவல்துறைப் பணியாற்றிய பிரெடு பாசெட்டு என்பவர்.

அதன்பின் நடந்ததைத் தமிழர் உன்னிக் கேட்டல் வேண்டும். அந்நாளில் எடுத்த ஒளிப்படங்கள் சிலவே, அவையும் தெளிவற்றவை, அவையும் பின்னர்க் காணாமற் போயின. பின்வந்தோர் சிலர் அவ்விடத்தைத் தேடியும் காணாது திரும்பினர். குன்று எங்கும் போய்விடவில்லை, பாறைகளும் போய்விடவில்லை, பதிவு போயிற்று. பதிவு போகவே, கண்முன் நின்ற குன்றும் அறிவுலகிற்கு இல்லாததாயிற்று.

1940-களின் நடுவில் சுப்பாராவ் சங்கனகல்லில் அகழ்ந்தாய்ந்தார். 1951-இல் கோர்டன் என்பார் இலண்டன் இதழொன்றில் குப்கல் உருக்களைப் பற்றிச் சில பக்கங்கள் எழுதினார். ஆயிரக்கணக்கான உருக்களுக்குச் சில பக்கங்கள் எம்மட்டு? இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் நிக்கோல் பாய்வின் என்னும் அம்மையாரும், தார்வாடு கருநாடகப் பல்கலைக்கழகத்தின் இரவி கொரிசெட்டரும், உடனுழைத்த ஆய்வாளரும் பாறைபாறையாக ஏறியிறங்கி முறைப்படி பதியலாயினர். பாய்வின் கட்டுரை 2004-இல் வெளிவந்தது. முதற் செய்தி அச்சேறிய 1892-க்கும் இதற்கும் இடையே 112 ஆண்டுகள்!

அந்த 112 ஆண்டுகளும் குன்று அமைதியாய்க் காத்திருந்ததா? இல்லை. கல்லுடைப்போர் வந்தனர். குன்றின் சில பகுதிகள் வணிகத்திற்காக உடைக்கப்பட்டன. அருகிலிருந்த பாறைமுழை ஒன்று தன் பழவோவியங்களோடு ஒரு பகுதி அழிந்தது. நாலாயிரம் ஆண்டு மழையும் வெயிலும் அழிக்க மாட்டாததை அரைநாள் வெடி அழித்துவிடும். உடைந்த பாறையில் என்ன உரு இருந்தது, எத்தனை மாடுகள் இருந்தன, யார் கைகோத்து நின்றனர் என்பதை இனி யாரைக் கேட்பது? சல்லியாகச் சாலையிற் கிடக்கும் கல்லையா?

பதிவு என்பது யாது?

பதிவு என்றதும் ஒளிப்படம் ஒன்றே நினைவிற்கு வரும். படம் எடுத்தல் பதிவின் ஒரு கூறேயன்றி முழுமையன்று. மேல்நாட்டிலும் இந்நாட்டிலும் பட்டறிவால் வகுத்த முறையைச் சுருக்கமாகக் கூறின் அது வருமாறு:

முதலாவது, குன்று முழுவதையும் கால்நடையாய்ச் சுற்றுதல். பெயர்பெற்ற பாறையை மட்டும் கண்டு திரும்புவது திருவுலாவேயன்றி ஆய்வன்று. உருவுள்ள பாறை ஒவ்வொன்றிற்கும் ஓர் எண் கொடுத்து, இடங்காட்டும் கருவியால் அதன் இருப்பிடத்தைக் குறித்து, வரைபடத்தில் ஏற்றுதல் வேண்டும். உருவில்லாத பாறைகளையும் குறிப்பது நன்று. எங்கே கொத்தினர் என்பதைப் போலவே எங்கே கொத்தாது விட்டனர் என்பதும் செய்தியே.

இரண்டாவது, ஒளியறிதல். உச்சிவேளையில் கீறல் கண்ணுக்குத் தோன்றாது. கதிரவன் சாய்ந்த காலைப்போதிலும் மாலைப்போதிலும் அக்கீறலில் நிழல் விழும். நிழல் விழ உரு எழும். இரவில் விளக்கைப் பாறையின் பக்கவாட்டிற் பிடித்தால் பகலில் எவரும் காணாத கோடுகள் வெளிப்படும். இவ்வியல்பைக் கொண்டே இன்று படக்கருவியை அசையாது நிறுத்தி, விளக்கை மட்டும் பல கோணங்களினின்று காட்டிப் படங்கள் எடுத்து, அவற்றைக் கணினியில் ஒன்றாக்கும் முறை வந்துள்ளது. ஒன்றன்மேல் ஒன்று பெரும்பகுதி படியுமாறு பாறையைச் சுற்றியெடுத்த படங்களைக் கோத்து, நீளம் அகலம் ஆழம் மூன்றும் கொண்ட உருவாக ஆக்கும் முறையும் உண்டு. முன்னாளில் பெருஞ்செலவாய் இருந்த இவை இன்று கைப்பேசியும் எளிய கணினியும் உடைய இளைஞர்க்கும் எட்டும்.

மூன்றாவது, தொடாமை. இதுவே தலையாயது. படத்திற் கோடு தெளிவாய்த் தெரியவேண்டிச் சுண்ணக்கட்டியாற் கீறலை நிரப்பும் வழக்கம் முன்னாளில் அறிஞரிடையேயும் இருந்தது. அதனால் விளைவன இரண்டு கேடுகள். ஒன்று, பாறைக்கு: சுண்ணம் நுண்துளைகளிற் புகுந்து, பின்னாளில் அப்படலத்தை ஆய்ந்து காலம் காண்பார்க்குத் தடையாகும். மற்றொன்று, உண்மைக்கு: எது கீறல், எது வெடிப்பு என்று சுண்ணக்கட்டி பிடித்த கையே முன்கூட்டித் தீர்ப்புச் சொல்லிவிடும். படத்தைக் காண்போர் பழங்குடி மாந்தன் கொத்தியதைக் காண்பதில்லை. சுண்ணம் பூசியவன் எண்ணியதையே காண்பர். ஓர் இயற்கை வெடிப்பு மாட்டிற்கு மூன்றாம் கொம்பாகிவிடும். ஒரு பொருக்கு எழுத்தாகிவிடும். ஆகவே சுண்ணம் பூசற்க, எண்ணெய் தடவற்க, கம்பித் தூரிகையாற் பாசியைச் சுரண்டற்க. ஓசை கேட்கும் விழைவினால் இசைப்பாறைகளைக் கொட்டித் தேய்க்கவும் செய்யற்க.

நான்காவது, முன்பின் அறிதல். ஒரு கோடு மற்றொரு கோட்டை வெட்டிச் சென்றால் வெட்டியது பிந்தியது. ஒரு கொத்தல் வெளிறியும் மற்றொன்று பாறையின் நிறத்தோடு ஒன்றிக் கருத்தும் இருந்தால், கருத்தது பெரும்பாலும் பழையது. காலக்கணக்கிற்கு இவை உறுதியான ஆண்டைத் தாராவிடினும் வரிசையைத் தரும். அவ்வரிசையைப் பாறையின் அருகிலிருந்தே எழுதுதல் வேண்டும்; வீடு திரும்பி நினைவினின்று எழுதியது பதிவாகாது.

ஐந்தாவது, வரைதலில் நேர்மை. ஐயமற்ற கோட்டை முழுக்கோடாகவும் ஐயமுள்ளதைப் புள்ளிக்கோடாகவும் வரைக. பாறையின் இயற்கை வெடிப்பையும் வரைக. அளவுகோலும் வடதிசைக் குறியும் இன்றிப் படம் எடுக்கற்க. நேற்று ஒருவன் கொத்திய பெயரையும் விடாது குறிக்க. அதுவும் அப்பாறையின் வரலாற்றில் ஒரு பக்கம், அழுக்கான பக்கமாயினும்.

ஆறாவது, அவ்வூர் மக்களைக் கேட்டல். குன்றை முழுதறிந்தவர் அங்கே ஆடுமாடு மேய்ப்பவரே. பாறைக்கு அவர் வழங்கும் பெயர், அதுபற்றிக் கூறும் கதை, அங்கே நடக்கும் விழா ஆகிய அனைத்தையும் அவர் வாய்மொழியிலேயே எழுதுக. நீலமலைத் தொடரில் கரிக்கையூரை அடுத்துப் பாறையோவியங்கள் நிறைந்த இடத்தைப் 'பொறிவரை' என்பர். பொறி என்பது குறி, எழுத்து. வரை என்பது மலை. எந்த ஆய்வறிஞனும் அப்பெயரை இட்டானல்லன். அங்கு வாழ்ந்த மக்களின் நாவே அவ்விடத்தின் முதற் பதிவேடு.

எழுத்திலாக் கல்லும் எழுத்துடைக் கல்லும்

இனி, தமிழன்பர் உள்ளத்தில் எழும் வினா ஒன்றுண்டு. குப்கல் பாறையில் மாடு கொத்திய மாந்தன் எம்மொழி பேசினான்?

புதிய கற்காலத்துத் தென்னாட்டு மக்களுட் சிலரேனும் தமிழியக் குடும்பத்து மொழியைப் பேசியிருத்தல் கூடும் என மொழிநூலாரும் பயிரியல் தொல்லியலாரும் கருத்துரைத்துள்ளனர். பயறு, கூலம் ஆகியவற்றின் பெயர்களை ஒப்பிட்டு அவர் அம்முடிவிற்கு வந்தனர். அது சொல்லாய்வில் எழுந்த கருத்து, மதிக்கத்தக்க கருத்து. ஆனால் பாறையோ அதைச் சொல்லவில்லை. மாடு கொத்திய பாறையில் மாடு இருக்கிறது, மொழி இல்லை. குன்றின் பெயர் இன்று கன்னடமாயிருத்தலும் அதற்குச் சான்றாகாது; ஊர்ப்பெயர்கள் மாறும் இயல்பின. ஆகவே அப்பாறையைத் தமிழ்ப் பாறை என முழங்குவோர் தமிழுக்கு நன்மை செய்பவர் அல்லர். பாறையில் இல்லாததை இருப்பதாகக் கூறினால், உண்மையாக இருப்பதைக் கூறும் நாளிலும் உலகம் நம்பாது. அக்குன்றின் இயற்கைக் காவலர் கன்னட மக்களே. அவர்க்குத் துணைநிற்றல் தமிழர்க்கு அழகு. அவரோடு வழக்காடுதல் அழகன்று.

எழுத்துடைய கல்லிலும் இவ்வொழுக்கம் வேண்டும். அதற்கு வயநாட்டு எடக்கல் சான்று. அம்புகுத்தி மலையில் இரு பாறைச் சுவர்கட்கு இடையே பெருங்கல் ஒன்று விழுந்து சிக்கி நிற்கின்றது. இடையே நிற்கும் கல்லே எடக்கல். அச்சுவர்களில் தலையணி பூண்ட மாந்த உருக்களும் விலங்குருக்களும் வட்டங்களும் ஆழமாகத் தேய்த்து வரையப்பட்டுள்ளன. குப்கலைப் பற்றி 1892-இல் எழுதிய அதே பாசெட்டுதான் எடக்கலைப் பற்றியும் எழுதினார். அக்கட்டுரை 1901-இல் 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் படங்களோடு வெளிவந்தது. ஒருவரே பணிசெய்த இரண்டு இடங்கள்; ஆயின் விளைவு வேறு. அச்சேறிய எடக்கற் படங்களை இன்றும் எடுத்து ஒப்பிடலாம். குப்கற் படங்களோ மறைந்தன. அச்சில் ஏறாத பதிவு அரைப்பதிவே என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

எடக்கல் உருக்களினும் மிகப் பிந்திய எழுத்துகளும் அங்குள்ளன. பழந்தமிழ் எழுத்தும் உண்டு. வடமொழியில் அமைந்த பொறிப்பும் உண்டு. 'கடும்மிபுத சேர' என வல்லுநர் படித்த பொறிப்பொன்றில் சேரர் பெயர் நிற்கின்றது. தமிழர் உள்ளம் அங்கே பூரிப்பது இயல்பே. ஆனால் அதே வரியில் உள்ள 'புத' என்பது பாகதச் சாயல் உடைய சொல்லாகக் கருதப்படுகின்றது. சேரன் பெயரை மட்டும் படியெடுத்துப் 'புத' என்பதை விட்டுவிடுவோமாயின் அது பதிவாகுமா? வடமொழிப் பொறிப்பைப் படமெடுக்காது விட்டால் தமிழ்ப் பொறிப்பு உயர்ந்துவிடுமா? வடமொழிச் சார்பினர் தமிழ்ச் சான்றுகளை மறைத்தனர் என்று குறைகூறும் நாவிற்கு, பிற சான்றுகளை மறைக்கும் உரிமை இல்லை. தனித்தமிழ் என்பது எழுதும் மொழியில் தூய்மை. கண்ட சான்றில் கலப்படம் செய்யாமை அதனினும் உயர்ந்த தூய்மை.

மேலும் ஒன்று. எழுத்திற்கு முந்திய உருவையும் பிந்திய எழுத்தையும் ஒரே பாறையில் இருப்பது பற்றி ஒரே காலத்ததாக ஆக்கிவிடுதல் பெரும்பிழை. 'எழுதுதல்' என்னும் தமிழ்ச்சொல் ஓவியம் தீட்டுதலையும் எழுத்து வரைதலையும் ஒருங்கே குறித்தது. 'வரைதல்' என்பதும் அவ்வாறே. சொல் ஒன்றாயிருத்தலால் செயலும் காலமும் ஒன்றாகிவிடா. கல்லுதல் என்பது தோண்டுதல். அதினின்றே கல்வி என்னும் சொல் பிறந்தது என்பர் சொல்லாய்வோர். மேலோட்டமாய்ப் பார்ப்பது கல்வியன்று. கல்லிக் காண்பதே கல்வி.

காவலின்றிக் கிடக்கும் குன்றுகள்

தமிழ்நாட்டின் நிலைக்கு வருக. திண்டிவனத்தை அடுத்த பெருமுக்கற் குன்றில் பாறைக் கீறல்கள் உள்ளன. விழுப்புரத்தை அடுத்த கீழ்வாலையில் பாறையோவியங்கள் உள்ளன. இவை அறிஞர் கண்ணிற் பட்டவை. கண்ணிற் படாதவை எத்தனையோ! வடதமிழ்நாட்டுக் குன்றுகள் ஒவ்வொன்றின் மேலும் வெடிக்காரனின் கண் விழுந்துள்ளது. ஆய்வாளனின் கண் இன்னும் விழவில்லை.

சட்டம் இல்லையா என வினவலாம். உண்டு. 1958-ஆம் ஆண்டு நடுவணரசுச் சட்டமும் 1966-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டமும் தொன்மை இடங்களைக் காக்க எழுந்தவை. நடுவணரசுச் சட்டத்தின் 2010-ஆம் ஆண்டுத் திருத்தம், காக்கப்பட்ட இடத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை தடையும் அதற்கப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடும் விதித்தது. ஆனால் இச்சட்டங்கள் காப்பது பட்டியலில் ஏறிய இடங்களையே. பட்டியலில் ஏறாத குன்று சட்டத்தின் கண்ணில் வெறுங்கல். கல்லுடைக்கும் குத்தகைக்கு மனு வரும்போது, 'இக்குன்றில் தொன்மைப் பொருள் ஏதும் உண்டோ?' என்னும் வினாவிற்கு அலுவலர் ஏட்டைப் புரட்டுவார். ஏட்டில் இல்லையேல் 'இல்லை' என்றே எழுதுவார். அவ்வொரு சொல்லால் ஒரு குன்று சல்லியாகும்.

பதிவுள்ள இடத்தில் நிலைமை வேறு. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியைக் காண்க. அங்குள்ள பழந்தமிழ்க் கல்வெட்டும் கற்படுக்கைகளும் குடைவரையும் முன்னரே படியெடுக்கப்பட்டு, படிக்கப்பட்டு, நூலேறியவை. 2022-இல் அவ்வூர் பல்லுயிர் மரபிடமாகவும் அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் அவ்வட்டாரத்தில் கனிமம் எடுக்கும் உரிமை ஏலம் போன செய்தி வந்ததும் ஊர்மக்கள் திரண்டனர். 2024 திசம்பரில் சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரியில் நடுவணரசு அவ்வேலத்தைக் கைவிட்டது. மக்களின் உறுதியே அவ்வெற்றிக்கு முதல். ஆயினும் 'எங்கள் மலையில் இன்னின்ன உள்ளன' என்று எடுத்துக்காட்ட அவர் கையில் ஏடு இருந்தது. ஏடில்லாத மலையின் மக்கள் எதைக் காட்டுவர்?

இன்னொரு செய்தியும் இங்கே வெளிப்படையாகச் சொல்லத்தக்கது. தமிழ்நாட்டுப் பாறைகளைக் கெடுப்பவர் கல்லுடைப்போர் மட்டுமல்லர். காதலர் பெயர், கட்சிப் பெயர், தேர்தற் குறி, ஊர்வல முழக்கம் ஆகிய அனைத்தும் வண்ணக் குழம்பால் மலைப்பாறைகளிற் பூசப்பட்டுள்ளன. தமிழ் வாழ்க என்று எழுதிய தூரிகையும் அவற்றுள் உண்டு. தமிழ் வாழ்க என்னும் சொல்லின் அடியில் தமிழ் மண்ணின் முதுபெரும் கீறல் ஒன்று மூச்சற்றுக் கிடந்தால், அத்தூரிகை தமிழை வாழ்த்தியதா, தாழ்த்தியதா? தமிழன்பர் கையிலுள்ள தூரிகை இனிப் பாறையைத் தொடாது எனும் உறுதி ஒன்றே பல குன்றுகட்குப் பெருங்காவலாகும்.

செயற்பாலது

பெரும்பொருளும் பெருங்கருவியும் வேண்டும் என எண்ணி மலைத்தல் வேண்டா. ஓர் ஊரில் ஐவர் போதும். தம் வட்டத்துக் குன்று ஒன்றைத் தேர்க. விடுமுறை நாளில் விடியுமுன் ஏறுக. மேய்ப்பவரை வழிகாட்டக் கொள்க. கண்டதைத் தொடாது காண்க. அளவுகோல் வைத்துப் படமெடுக்க. எண்ணும் இடமும் நாளும் எழுதுக. ஐயத்தை ஐயம் என்றே எழுதுக. அப்பதிவில் ஒருபடியை மாநிலத் தொல்லியல் துறைக்கும், ஒருபடியை மாவட்டத்து அருங்காட்சியகத்திற்கும், ஒருபடியை ஊர் நூலகத்திற்கும் கொடுக்க. ஓரிடத்தில் வைத்தது தொலையும் என்பதைக் குப்கல் கற்பித்துள்ளது. காவல் அமையுமுன் சரியான இடத்தைச் செய்தியாளர்க்கும் ஊருலகிற்கும் பறையறைதல் வேண்டா. காணவரும் கூட்டமே கேடாய் முடிதல் உண்டு. குத்தகை அறிவிப்பு வரும் நாளில் ஏட்டோடு ஆட்சியர் முன் நிற்க.

இப்பணியிற் புகழ் இல்லை. குறிப்பேட்டில் எழுதிய எண்ணுக்கு எவரும் மாலையிடார். ஆனால் அவ்வெண் இருக்கும்வரை அப்பாறையை 'வெறுங்கல்' என்று எவரும் எழுதிவிட இயலாது. பெயரறியாப் பழமாந்தன் ஒருவன் வெயிலில் அமர்ந்து, கல்லாற் கல்லைத் தட்டித் தட்டித் தன் மாட்டின் கொம்பை நீட்டி வரைந்தான். அவன் தன் பெயரை அங்கே எழுதினானல்லன். எழுத அவனுக்கு எழுத்தில்லை. எழுத்துடைய தலைமுறை அவனுக்குச் செய்யக் கடவது ஒன்றே: அவன் கொத்தியதைக் கூட்டாமலும் குறைக்காமலும் ஏட்டில் ஏற்றி, அப்பாறையை அது நிற்கும் இடத்திலேயே நிற்கச் செய்தல்.

வெடிமருந்து காத்திராது, குறிப்பேடும் காத்திருத்தல் ஆகாது. வாழ்க தமிழ்!